நாற்பத்தைந்து பென்ஸ்: வேலைக்காக ஓடும் காரும் வரிச்சட்டமும்

2025ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி பிரித்தானிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்கள் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 3 பென்ஸ் வரி அறவிடப்படும். மின்சாரமும் பெற்றோலும் சேர்ந்து ஓடும், மின்னேற்றக்கூடிய கார்களுக்கு அதிற் பாதி. பெற்றோல் விற்பனை குறையக் குறைய அரசாங்கத்துக்கு வரும் எரிபொருள் வரியும் குறைகிறது. அந்த ஓட்டையை அடைப்பதற்கு மைற் கணக்கைக் கையிலெடுத்திருக்கிறார்கள். பத்திரிகைகள் இதைப் பற்றி நிறையவே எழுதின.

அதே நாளில் அதிகம் பேசப்படாமற் போன இன்னொரு மைற் கணக்கு உண்டு. சொந்தக் காரைத் தொழிலுக்காக ஓட்டும் ஊழியருக்கு வரியில்லாமற் கொடுக்கக்கூடிய தொகை முதல் 10,000 மைல்களுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். 2002இல் 40 பென்ஸாக வந்த முதலாவது தொகை 2011 ஏப்ரலில் 45 ஆனது. அன்றிலிருந்து 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் வரையில் அது ஒரு பென்ஸ்தானும் அசையவில்லை. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் விலைவாசி ஏறத்தாழ அரைப்பங்கு ஏறிவிட்டது. காரோடுபவரிடமிருந்து வாங்குவதற்கு மைலை எண்ணப் புறப்பட்ட அரசு, அவருக்குக் கழித்துக் கொடுக்க வேண்டிய மைலை 2011ஆம் ஆண்டின் விலையிலேயே வைத்திருக்கிறது.

கவிதையும் சிறுகதையும் படிக்க வந்த வாசகர்கள் இதென்ன வரிப் படிவம் என்று நினைக்கக்கூடும். இலண்டனில் நம்மவர்களின் வாழ்க்கையிற் பெரும்பகுதி எழுத்தில் வராமலே போகிறது. விடிகாலை ஐந்து மணிக்கு ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களின் கணக்கும் அதில் ஒரு பகுதிதான். அந்தக் கணக்கைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று பார்ப்பதே என் நோக்கம்.

சட்டத்தின் கதை குதிரையிலிருந்து தொடங்குகிறது. 1853ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் பதவி வகிப்பவர்களும் ஊழியர்களும் தங்கள் வருமானத்திலிருந்து எவற்றைக் கழிக்கலாம் என்று சொன்னது. கடமையைச் செய்யும்போது கட்டாயமாக ஏற்படும் பயணச்செலவு ஒன்று; கடமையைச் செய்வதற்காக ஒரு குதிரையை வைத்துப் பராமரிக்கும் செலவு மற்றது; இவை தவிர, முழுமையாகவும் தனித்தும் கட்டாயமாகவும் அந்தக் கடமையிலேயே செலவிடப்படும் பணம். இந்தக் குதிரை உயிரோடு இருந்த காலம் நம்ப முடியாதது. 1988ஆம் ஆண்டின் வரிச்சட்டத்தின் 198ஆம் பிரிவிலும் அது கனைத்துக்கொண்டு நின்றது. 1998 ஏப்ரலில் பயணச்செலவு விதிகளைப் புதிதாக எழுதியபோதுதான் அவிழ்த்துவிட்டார்கள். எம் 1 நெடுஞ்சாலை திறந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

குதிரை போனாலும் அந்த வாக்கியத்தின் மற்றப் பாதி போகவில்லை. கடமையைச் 'செய்யும்போது' ஏற்படும் செலவு வேறு, கடமையைச் செய்யும் இடத்துக்குப் 'போய்ச் சேருவதற்கு' ஏற்படும் செலவு வேறு என்ற பிரிவினை அப்படியே நிற்கிறது. அதை உறுதியாக்கிய வழக்கு 1925இல் பிரபுக்கள் சபையிற் தீர்க்கப்பட்ட ரிக்கெற்ஸ் வழக்கு. ரிக்கெற்ஸ் ஒரு பாரிஸ்டர். இலண்டனில் வசித்து, இலண்டனிலேயே தொழில் செய்தவர். அதோடு போட்ஸ்மவுத் நகரத்தின் ரெக்கோடர் என்ற நீதிப் பதவியையும் வகித்தார். போட்ஸ்மவுத்துக்குப் போய்வர ரயிற் கட்டணம், அங்கே தங்கிய ஹோட்டற் செலவு, தன் அங்கியும் பொய்முடியும் வைத்த தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கூலி ஆகியவற்றை வருமானத்திலிருந்து கழிக்கவேண்டும் என்று கேட்டார். பிரபுக்கள் மறுத்துவிட்டார்கள். அவருடைய கடமை போட்ஸ்மவுத் நீதிமன்றத்திற் தொடங்குகிறது. அங்கே போகும் வழியில் அல்ல. அந்தப் பதவியை வகிக்கும் எவருக்கும் தவிர்க்க முடியாத செலவாக இருந்தாற்தான் கழிக்கலாம். ரிக்கெற்ஸ் இலண்டனில் வசிப்பது அவருடைய சொந்த விருப்பம். விருப்பத்தின் விலையை அரசு ஏன் சுமக்கவேண்டும்?

பாரிஸ்டருக்கு எதிராகச் சொல்லப்பட்ட அளவில் இந்த வாதத்திற் பிழை காண முடியாது. இரண்டு வருமானமும் இரண்டு ஊரும் உள்ள மனிதருக்கு எங்கே வசிப்பது என்பது விருப்பமாகத்தான் இருந்திருக்கும். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மேஃபெயரில் ஒரு ஹோட்டலைத் துப்புரவு செய்வதற்கு ஹேய்ஸிலிருந்து வருபவருக்கும் அதே வாதம் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு இடறுகிறது. மேஃபெயரில் குடியிருக்காமல் ஹேய்ஸில் இருப்பது அவருடைய விருப்பம் என்கிறது சட்டம்.

தகரப்பெட்டி வழக்குக்கு மாறாக ஊழியர் வென்ற வழக்கும் உண்டு. வேல்ஸ் நாட்டின் பிஷ்கார்ட் என்ற ஊரில் ஓவன் என்ற குடும்ப வைத்தியர் இருந்தார். பதினைந்து மைல் தொலைவில் ஹாவர்போர்ட்வெஸ்ட் நகரிலிருந்த வைத்தியசாலையிற் பகுதிநேரமாக மகப்பேற்று வைத்தியமும் மயக்கமருந்து கொடுக்கும் வேலையும் பார்த்தார். அவசரம் என்றால் அவரைத் தொலைபேசியில் அழைப்பார்கள். நோயாளிக்கு உடனே என்ன செய்யவேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு புறப்படுவார். வைத்தியசாலை நிர்வாகம் ஒரு வழிக்குப் பத்து மைலுக்கு மட்டும் பணம் கொடுத்தது. மீதி ஐந்து மைல் அவர் கையிலிருந்து. வழக்கு பிரபுக்கள் சபைவரை போய் 1969இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. நீதிபதிகள் ஒருமனதாக இருக்கவில்லை. தொலைபேசியை எடுத்த கணத்திலேயே அவருடைய பொறுப்பு தொடங்கிவிட்டது. ஆகவே கடமை இரண்டு இடங்களில் நடந்தது. கார் ஓடியது அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில். ஒரு தொலைபேசி அழைப்பு, 'வேலைக்குப் போகும் பயண'த்தை 'வேலையில் நடக்கும் பயண'மாக மாற்றிவிட்டது. கைத்தொலைபேசியில் இரவு பத்து மணிக்கும் மேலாளரின் குறுஞ்செய்தி வரும் இந்தக் காலத்தில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எவராவது கேட்கலாம். ஆனால் வரித்திணைக்களம் ஓவன் தீர்ப்பைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டிலிருந்தபடி மின்னஞ்சல் பார்த்தேன், ஆகவே என் வீடும் வேலைத்தலம் என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள்.

இப்போதைய விதிகள் 2003ஆம் ஆண்டின் ஊதியமும் ஓய்வூதியமும் பற்றிய வருமானவரிச் சட்டத்தில் 337 முதல் 339 வரையான பிரிவுகளில் இருக்கின்றன. சுருக்கம் இதுதான். நிரந்தர வேலைத்தலத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான பயணத்துக்கு எதுவும் இல்லை. ஒரே முதலாளியின் வேலைக்காக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் உண்டு. தற்காலிக வேலைத்தலம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து நேரே போனாலும் உண்டு. ஆனால் அந்த இடத்தில் 24 மாதங்களுக்கு மேலாக, வேலைநேரத்தில் 40 வீதம் அல்லது அதற்கு மேல் செலவிடும் நிலை வந்தால் அது தற்காலிகம் அல்ல.

நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த பெற்றோல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். (பெற்றோல் விற்றுப் பிழைத்த ஒரு சமூகம் பெற்றோற் செலவைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான்.) வெம்பிளியில் காசாளராக நிற்கும் ஒருவரை, அதே முதலாளி குரொய்டனில் உள்ள தன் மற்ற நிலையத்துக்கு மூன்று மாதம் பதிலாளாக அனுப்புகிறார். வீட்டிலிருந்து குரொய்டனுக்கு அவர் ஓடிய மைல்கள் கணக்கில் வரும். ஆனால் திங்கள் முதல் புதன்வரை வெம்பிளி, வியாழன் முதல் சனிவரை குரொய்டன் என்று ஆண்டுக்கணக்காக வேலை நடந்தால் இரண்டும் நிரந்தர வேலைத்தலங்கள். வீட்டிலிருந்து எங்கே போனாலும் ஒன்றுமில்லை. ஒரே நாளில் வெம்பிளியிலிருந்து குரொய்டனுக்குப் போனால் அந்த ஓட்டம் மட்டும் கணக்கில் வரும்.

இன்னொருவர் காலையிற் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு, மாலையில் வேறொரு முதலாளியின் சுப்பர் மார்க்கெற்றுக்கு ஓடுகிறார். இடையில் எட்டு மைல். வீட்டுக்குப் போகவில்லை, எங்கும் நிற்கவில்லை, காருக்குள் வைத்தே சோற்றுப் பார்சலைச் சாப்பிடுகிறார். இந்த எட்டு மைலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. முதலாவது முதலாளியின் வேலை முடிந்துவிட்டது. இரண்டாவது முதலாளியின் வேலை இன்னும் தொடங்கவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடம் அவர் எவருடைய ஊழியரும் அல்லர். இலண்டனுக்கு வந்த முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நம்மிற் பலர் வாழ்ந்தது இந்த இடைவெளியிற்தான்.

இனி 45 பென்ஸுக்கு வருவோம். இதைப் பற்றிப் பரவலான ஒரு மயக்கம் இருக்கிறது. வேலைக்காகக் கார் ஓட்டினால் அரசாங்கம் மைலுக்கு 45 பென்ஸ் தரும் என்று பலர் நம்புகிறார்கள். அரசாங்கம் தருவதில்லை. முதலாளியும் தரவேண்டும் என்று எந்த வரிச்சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. முதலாளி தந்தால் அந்த அளவுக்கு வரி இல்லை என்பதே விதி. குறைத்துத் தந்தால், அல்லது தராமலே விட்டால், அந்தக் குறைவை ஊழியர் தன் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். கிடைப்பது அந்தக் குறைவு அல்ல, அந்தக் குறைவின் மேல் அவர் கட்டிய வரி.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வடமேற்கு இலண்டனில் முதியோரை வீடுவீடாகச் சென்று பராமரிக்கும் வேலை செய்கிறார். குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, சாப்பாடு சூடாக்குவது. ஒரு நாளைக்குப் பத்து வீடு. ஒரு வீட்டில் அரைமணி நேரம், இன்னொன்றிற் கால்மணி நேரம். வேலைக்கு எடுக்கும்போதே சொந்தக் கார் கட்டாயம் என்றார்கள். நிறுவனம் மைலுக்கு 15 பென்ஸ் கொடுக்கிறது. "தம்பி, கார் என்ர, பெற்றோல் என்ர, இன்சூரன்ஸ் என்ர. அவைக்கு மைற் கணக்கு மட்டும் ஒழுங்கா வேணுமாம்" என்றார் ஒருநாள்.

அவருடைய கணக்கை இப்படிப் போடலாம். ஆண்டுக்கு 6,000 மைல். 45 பென்ஸ் படி அதன் செலவு 2,700 பவுண். நிறுவனம் கொடுப்பது 900 பவுண். குறைவு 1,800 பவுண். இதை அவர் படிவத்தில் எழுதி அனுப்பினால் 20 வீதம், அதாவது 360 பவுண் திரும்பி வரும். மீதி 1,440 பவுண் அவருடையது. வேலை நிறுவனத்தினுடையது, நோயாளிகளை ஒப்படைத்தது நகரசபை, கார் மட்டும் அக்காவினுடையது. அதே 6,000 மைலை அதே 15 பென்ஸுக்கு ஓடிய, 40 வீத வரி கட்டும் ஒரு விற்பனை மேலாளருக்கு 720 பவுண் திரும்பும். நேரெதிராக, பிள்ளைகளைப் பாடசாலையால் ஏற்றவேண்டும் என்பதற்காகக் குறைந்த மணிநேரம் வேலை செய்து, ஆண்டுக்கு 12,570 பவுணுக்குக் கீழே உழைக்கும் பெண்ணுக்கு ஒரு சதமும் இல்லை. வரி கட்டாதவருக்குத் திருப்பிக் கொடுக்க வரி இல்லை என்று தர்க்கம் சொல்லும். ஆனால் பெற்றோல் நிலையத்தில் அவருக்கு விலை குறைத்து ஊற்றுவதில்லை.

ஆகவே என் பார்வையில் 'வரிக்கழிவு' என்ற சொல்லே விஷயத்தை மூடிவிடுகிறது. தொழிலுக்குத் தேவையான வாகனத்தைத் தொழிலாளியின் தலையிற் சுமத்தியது முதலாளி. அந்தச் சுமையில் ஐந்திலொன்றை, அதுவும் கேட்கத் தெரிந்தவருக்கும் வரி கட்டுபவருக்கும் மட்டும், பொதுப்பணத்திலிருந்து கொடுக்கிறது அரசு.

இந்த 45 பென்ஸுக்குள் என்னவெல்லாம் அடக்கம் தெரியுமா? பெற்றோல், காப்புறுதி, வாகன வரி, சேர்விஸ், ரயர், காரின் தேய்மானம் எல்லாமே. வேலைக்கு ஓட்டுவதென்றால் சாதாரணக் காப்புறுதி போதாது, தொழிற்பாவனை என்று சேர்த்து எடுக்கவேண்டும். தரிப்பிடக் கட்டணமும் நெரிசற் கட்டணமும் மட்டும் இதற்கு வெளியே தனியாகக் கணக்கிடப்படும். மத்திய இலண்டனின் நெரிசற் கட்டணம் 2003 பெப்ரவரியில் 5 பவுணாகத் தொடங்கி 2026 ஜனவரியில் 18 பவுணாகியது. 2023 ஓகஸ்ட் 29 முதல் இலண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் விரிந்த யூலெஸ் என்ற புகைக்கட்டுப்பாட்டு வலயம், பழைய டீசல் கார் வைத்திருந்தவர்களை நாளுக்கு 12.50 பவுண் அல்லது வேறு கார் என்ற நிலைக்குத் தள்ளியது. தரிப்பிடத் தண்டப்பணத்துக்கு எந்தக் கழிவும் கிடையாது. படுக்கையில் இருக்கும் கிழவியைத் தூக்கி இருத்த ஐந்து நிமிடம் பிந்தியதால் வந்த தண்டமாயினும் சரி.

அரசாங்கத்துக்கே இந்த 45இல் நம்பிக்கை இல்லை என்பதற்குச் சான்று அதன் இன்னொரு கையில் இருக்கிறது. தேசிய சுகாதார சேவை தன் ஊழியர்களுக்கு 2023 ஜனவரி முதல் ஆண்டின் முதல் 3,500 மைல்களுக்கு மைலுக்கு 59 பென்ஸ் வீதம் கொடுக்கத் தீர்மானித்தது. அதற்கு மேல் 24 பென்ஸ். வீடுவீடாகச் செல்லும் தாதி ஒருவர் ஆண்டுக்கு 3,000 மைல் ஓடினால் அவருக்கு 1,770 பவுண் கிடைக்கும். வரித்திணைக்களம் ஏற்றுக்கொள்வது 1,350 பவுண்தான். மிகுதி 420 பவுணும் வருமானம் என்று கருதி வரி எடுத்துக்கொள்ளும். கார் ஓடும் செலவு 59 பென்ஸ் என்று ஒரு திணைக்களம் கணித்துக் கொடுக்கிறது. அதில் 14 பென்ஸ் உனக்கு இலாபம் என்று இன்னொரு திணைக்களம் சொல்கிறது. இரண்டும் ஒரே அரசாங்கம்.

பணத்தோடு நேரமும் சேர்ந்திருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடும் நேரம் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி வேலைநேரம். வீட்டிலிருந்து முதலாவது நோயாளியிடம் போகும் நேரமும் கடைசி நோயாளியிடமிருந்து வீடு திரும்பும் நேரமும் அதிற் சேராது. நடைமுறையில், நோயாளியின் வீட்டில் நின்ற நிமிடங்களுக்கு மட்டும் சம்பளம் கொடுக்கும் வழக்கம் இந்தத் துறையில் நீண்டகாலமாக வேரோடியிருந்தது. வட இலண்டனின் ஹரிங்கே நகரசபைக்காக வேலை செய்த பத்துப் பராமரிப்பாளர்கள், யூனிசன் தொழிற்சங்கத்தின் துணையோடு வழக்காடி 2020இல் வென்றார்கள். வீடுகளுக்கு இடையிலான பயணமும் அறுபது நிமிடம் வரையான காத்திருப்பும் வேலைநேரமே என்று தொழில் நியாயசபை தீர்த்தது. அவர்களுக்குக் கிடைத்த மொத்தத் தொகை ஒரு இலட்சம் பவுணுக்கு மேல். பத்துப் பேர், பல ஆண்டுப் போராட்டம். இந்த நாட்டில் பராமரிப்பு வேலை செய்பவர்கள் பல இலட்சம் பேர்.

2022 பெப்ரவரியிற் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் விசா திறக்கப்பட்டது. 2025 ஜூலையில் அந்தக் கதவு மூடப்பட்டது. இடையில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த இளையவர்களை ஹரோவிலும் இல்ஃபோர்டிலும் சந்தித்திருக்கிறேன். அவர்களின் ஊர் லைசென்ஸ் இங்கே பன்னிரண்டு மாதம்தான் செல்லும். அதற்குள் பிரித்தானியச் சோதனையிற் சித்தியடையவேண்டும். கார் பழகக் கொடுத்த காசைக் கழிக்க முடியாது, அது வேலைக்குத் தயாராகும் செலவு என்பதால். விசாவும் அதே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது 15 பென்ஸ் போதாது என்று யார் போய்ச் சொல்வார்கள்?

வேறு நாடுகளில் எப்படி என்று நம் உறவினர்களைக் கேட்டாலே தெரியும். ஜேர்மனியில் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலான தூரத்தையே கழிக்கலாம். ஒரு வழித் தூரத்துக்குக் கிலோமீற்றருக்கு இத்தனை சதம் என்று. சைக்கிளிற் போனாலும் நடந்து போனாலும் கழிவு ஒன்றுதான். 2007இல் முதல் இருபது கிலோமீற்றரை அரசு வெட்டியது. 2008 டிசம்பர் 9ஆந் திகதி அந்நாட்டு அரசியற்சட்ட நீதிமன்றம் அந்த வெட்டைச் செல்லாததாக்கியது. இருபத்தோராவது கிலோமீற்றரிலிருந்து 38 சதமாக இருந்த கழிவு, 2026 முதல் முதலாவது கிலோமீற்றரிலிருந்தே 38 சதமாகியிருக்கிறது. உழைப்பதற்குச் செய்த செலவு வருமானம் அல்ல என்ற எளிய எண்ணம் அங்கே சட்டத்தின் அடியில் இருக்கிறது. அமெரிக்கா நேரெதிர்த் திசையிற் போனது. முதலாளி திருப்பிக் கொடுக்காத தொழிற்செலவுகளை ஊழியர்கள் கழிக்கும் வசதியை 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 முதல் நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை, ஆசிரியர்களின் சில செலவுகள் நீங்கலாக, நிரந்தரமாக நீக்கிவிட்டது. இந்தியாவிலோ 2018இல் போக்குவரத்துப்படிக்கான விலக்கை எடுத்துவிட்டு எல்லாச் சம்பளக்காரருக்கும் ஒரே நிலைக்கழிவு என்று கொடுத்தார்கள். நாற்பதாயிரம் ரூபாயிற் தொடங்கிய அது, புதிய வரிமுறையில் எழுபத்தையாயிரமாக உயர்ந்தது. எவரும் மைல் எண்ண வேண்டியதில்லை. எவருடைய மைலும் எண்ணப்படுவதுமில்லை.

ஜேர்மனிய முறையை இங்கே கொண்டுவரவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். வேலைக்குப் போகும் தூரம் முழுவதையும் கழிக்க விட்டால், சறே மாவட்டத்திற் தோட்டத்தோடு வீடு வாங்கி, நகரத்துக்கு நாற்பது மைல் ஓட்டிவரும் வங்கி அதிகாரிக்கே அதிகம் கிடைக்கும். அவருடைய வரிவீதம் கூட என்பதால் மைலுக்கும் கூடக் கிடைக்கும். பஸ்ஸில் வரும் துப்புரவுத் தொழிலாளிக்குச் சில்லறை. ரிக்கெற்ஸ் வழக்கின் நீதிபதிகள் பயந்ததில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எனக்குச் சரியென்று படுவது வேறு: சொந்தக் கார் வேண்டும் என்று நிபந்தனை போடும் முதலாளி, அரசு ஏற்கும் மைற்தொகையை முழுமையாகக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வரவேண்டும், அந்தத் தொகையும் ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறவேண்டும். அப்போது பராமரிப்பு நிறுவனங்கள் நகரசபைகளிடம் கூடுதலாகக் கேட்கும், நகரசபைகள் மத்திய அரசிடம் கேட்கும், கடைசியில் நாம் எல்லோரும் வரியாகக் கொடுப்போம். இப்போது அதை அந்த அக்கா மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படி ஒன்று விரைவில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதே 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்கள் முதலாளி கொடுக்காத செலவைத் தாமே கழித்துக்கொள்ளும் வசதியை 2026 ஏப்ரல் முதல் நிறுத்தியது. காற்று அந்தப் பக்கம் வீசுகிறது. 2028இல் மின்சாரக் காருக்கு வரப்போகும் 3 பென்ஸும், 45 மாறாவிட்டால், அதற்குள்ளிருந்தே போகவேண்டும்.

அதுவரை உள்ளதையாவது விடாமல் வாங்கிக்கொள்வது நல்லது. நம்மவர்களிற் பலர் கேட்பதே இல்லை. படிவத்தின் பெயர் பி87. ஆண்டுக்கு 2,500 பவுணுக்கு உட்பட்ட செலவுக்கு இதுவே போதும். மேலே போனால் முழு வரிவிபரத் திரட்டு அனுப்பவேண்டும். ஒரு கொப்பியில் திகதி, புறப்பட்ட இடத்தின் அஞ்சற்குறி, சேர்ந்த இடத்தின் அஞ்சற்குறி, மைல், எதற்காகப் போனது என்ற ஐந்து விபரங்களை அன்றன்றே எழுதிவைத்தாற் போதும். நோயாளியின் பெயரை எழுத வேண்டாம். கூடப் பயணிக்கும் சக ஊழியருக்காக முதலாளி மைலுக்கு 5 பென்ஸ் வரியில்லாமற் கொடுக்கலாம். ஆனால் கொடுக்காவிட்டால் அதை நீங்கள் கழித்துக் கேட்க முடியாது. சைக்கிளில் வேலைக்காகச் சென்றால் மைலுக்கு 20 பென்ஸ், மோட்டார் சைக்கிளுக்கு 24.

படிவம் நிரப்பித் தருகிறோம் என்று முகநூலிலும் கடைக் கண்ணாடிகளிலும் விளம்பரம் செய்பவர்களிடம் அவதானமாக இருக்கவேண்டும். திரும்பி வரும் தொகையிற் பெரும்பங்கைத் தரகாக எடுப்பவர்கள் உண்டு. வரித்திருப்பம் முழுவதையும் தரகருக்கே எழுதிக்கொடுக்கும் பத்திரங்கள் 2023 மார்ச் 15 முதல் சட்டப்படி செல்லாது. ஆனாலும் பணத்தைத் தரகரின் கணக்குக்கு அனுப்பும்படி ஒப்பமிடுவது இன்னும் சாத்தியம். ஒப்பமிடுமுன் வாசிக்க வேண்டும், ஆங்கிலம் கடினம் என்றால் வீட்டிற் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பிக்க வேண்டும்.

கோருவதற்கு நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. 2022-23 வரியாண்டில் ஓடிய மைல்களுக்குரிய கோரிக்கை 2027 ஏப்ரல் 5ஆந் திகதிக்குள் வரித்திணைக்களத்தைச் சென்றடைய வேண்டும். அக்காவிடம் அந்த ஆண்டின் கொப்பி இருக்கிறது. நீல மையில், ஒரு நாளும் விடாமல்.